ஒரிஜினல் லாக்கரில் இருக்கிறது

சந்தானம் யாருக்கும் ஒரிஜினல் கொடுக்க மாட்டார். புனேயின் பழைய சாங்வியில் அந்தக் காலனிக்கே தெரிந்த சங்கதி இது. கேஸ் ஏஜென்சி கேட்டாலும் ஜெராக்ஸ், இன்ஷூரன்ஸ்காரன் கேட்டாலும் ஜெராக்ஸ். பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைக்கூட ஜெராக்ஸ் எடுத்துத்தான் நீட்டினார் என்று மூன்றாம் மாடி கோவிந்தராஜன் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது புளுகாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களில் ஒருத்தரும் நம்பாமல் போனதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூற்றேழில் சொஸைட்டி ஆபீஸ் கேட்டதென்று ஃபிளாட்டின் ஷேர் சர்டிபிகேட்டை ஒரிஜினலாகவே கொடுத்தார். அவர்கள் பத்திரமாகத் தொலைத்தார்கள். டூப்ளிகேட் வாங்க நாலு வருஷம் நடந்தார். பிம்ப்ரியில் பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, கையெழுத்தில்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாத மனுஷனுக்கு இந்தக் கதி. அன்றைக்குப் போட்டார் சபதம்: இனி ஒரிஜினல் கையை விட்டுப் போகாது.

அந்தச் சபதம் இப்போது பட்டுவின் உயிர்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அது சந்தானத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டு அவருடைய சம்சாரம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மார்பில் ஒரு சின்னக் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டாள், எல்லாம் மறந்தே போயிற்று. இந்த பிப்ரவரியில் இடுப்பு வலிக்கிறதென்று போனால், இடுப்பெலும்பில் ஒரு புள்ளி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் பழைய வியாதியேதான். ஆனால் ஊசியில் வந்தது கடுகளவு. எலும்புத் துணுக்கை ஆசிடில் ஊறவைத்து இளக்கினதில், அடுத்த டெஸ்டுக்கு அது லாயக்கில்லாமல் போய்விட்டது.

அந்த அடுத்த டெஸ்டில்தான் எல்லாம் இருந்தது. கட்டியில் ஹெர்-டூ என்று ஒரு புரதம் நிறைய இருந்தால், அதற்கென்றே ஊசி மருந்து இருக்கிறது. வியாதியை வருஷக்கணக்கில் அடக்கி வைக்கும். இல்லையென்றால் அந்த மருந்து கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன் பார்த்தபோது ‘சந்தேகம்’ என்று வந்தது. கட்டி சின்னதுதானே, மாத்திரை போதும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

“அப்போ எடுத்த ப்ளாக் இருக்கா?” என்று ஏப்ரலில் டாக்டர் ஜோக்ளேகர் கேட்டார். கண்டிப்பான அம்மாள், ஆனால் பொறுமைசாலி.

ப்ளாக் என்பது வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி. அரைத் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து வெங்காயச் சருகைவிட மெலிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால், அது ஸ்லைடு. மும்பையில் இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியோடு மல்லுக்கட்டி, ப்ளாக்கையும் சாயமேற்றாத எட்டு ஸ்லைடுகளையும் வாங்கி வந்தவர் சந்தானமேதான். மும்பைக்குப் போகவில்லை. இரண்டும் அவரிடமே தங்கின.

ஸ்டோர்ஸ் மூளை ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னது. ப்ளாக் ஒரிஜினல். ஸ்லைடு ஜெராக்ஸ்.

“ப்ளாக் கிடைக்கல மேடம். ஸ்லைடு இருக்கு” என்றார். டாக்டர் ‘ப்ளாக் இல்லை’ என்று ஃபைலில் எழுதிக்கொண்டார். பட்டு அப்போது பக்கத்து அறையில் எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாசம் ஏழாம் தேதி ரிசல்ட் வந்தது. நெகட்டிவ்.

“ஆனா இதை முழுசா நம்ப முடியாது” என்றார் டாக்டர், ஹிந்தியும் இங்கிலீஷுமாக. “சீவி ஒன்பது வருஷம் ஆன ஸ்லைடு. காத்து பட்டுப் பட்டு, இருக்கிற புரதம்கூடச் சாயம் பிடிக்காமப் போகலாம். ப்ளாக் இருந்தா புதுசா சீவிப் பாத்திருப்பேன். இல்லேங்கறதால, இருபதாம் தேதி வேற மருந்து ஆரம்பிச்சுடலாம்.”

பட்டு மெதுவாகத் திரும்பினாள். “ஏன்னா, அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு டப்பா வாங்கிண்டு வந்தேளே?”

“அது ஸ்லைடு டப்பாடி.”

முதல் பொய் பழக்கத்தில் வந்தது. இது அவராகச் சொன்னது. ஸ்டோர்ஸில் ஒரு பேரிங் குறைந்தாலே ராத்தூக்கம் போகிறவர். அன்று ராத்திரி வீட்டில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே கால் மணி உட்கார்ந்திருந்தார். ஒரிஜினலைக் கொடுத்து, அதையும் இவர்கள் சீவியே தீர்த்துவிட்டால்? அப்போது கையில் என்ன இருக்கும்? கொடுக்காமலே விட்டு, பட்டு போய்விட்டால் கையில் என்ன இருக்கும்? இரண்டு கேள்வியும் மாறி மாறி வந்தன. அவர் வெள்ளிக்கிழமை காலையில் ரிக்‌ஷா பிடித்து லேபுக்குப் போனார். வீட்டில் சொன்னது, பென்ஷன் விஷயமாகப் போகிறேன் என்று.

லேபில் திசு சீவுகிற பெண்ணின் பெயர் ருக்‌ஷானா. ஏரவாடாவில் பிறந்து வளர்ந்தவள், அப்பா ஆம்பூரிலிருந்து வந்து தோல் செருப்பு வியாபாரம் செய்பவர். ஸ்லைடு கொடுக்க வந்த அன்றே இவர் தமிழ் என்று கண்டுபிடித்துச் சிரித்தவள். அவள் தமிழில் பாதி ஹிந்தி நடக்கும்.

“அங்கிள், ரிப்போர்ட் குடுத்தாச்சே? ஃபிர் க்யா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு சந்தேகம். பழைய ஸ்லைடுன்னா ஏன் தப்பா வரும்?”

“தப்பா வரும்னு இல்ல. வரலாம். வீட்டுல சாம்பாருக்குப் போடற கொத்தமல்லி விதை, தனியா இருக்கில்ல, முழு தனியா? வருஷம் ஆனாலும் கெடாது. அதையே பொடி பண்ணி வெச்சா? நாலு மாசத்துல வாசனை காயப், போயே போயிடும். ஸ்லைடு வந்து பொடி மாதிரி. ப்ளாக் முழு தனியா.”

சந்தானம் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “சரி. ஒருவேளை ப்ளாக் இருந்தா?”

“இருக்கா?”

“இருந்தான்னு கேக்கறேன்.”

“அங்கிள்.” கையுறையைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தாள். “இருக்கா, இல்லையா?”

“லாக்கர்ல இருக்கு.”

“எந்த லாக்கர்?”

“பேங்க் லாக்கர்.”

ருக்‌ஷானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. “நகையோட வெச்சிருக்கீங்களா! அல்லாவே. ஆன்ட்டிக்குத் தெரியுமா?”

அவர் தலையாட்டின விதத்தில் பதில் தெரிந்தது.

“அதைச் சீவினா... மிச்சம் இருக்குமாம்மா?”

“மேலாக்க காத்து பட்ட இடத்தைச் சீவித் தள்ளணும். அப்புறம் டெஸ்டுக்கு எடுக்கணும். கட்டியே சின்னது. உள்ள போதுமான அளவு இருக்கான்னு பிளேடு வெச்சாத்தான் தெரியும். அங்கிள், மிச்சத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

சந்தானம் கர்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேரே பேங்குக்குப் போய்த் திறந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அதுதான் முடியாது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் லாக்கர் திறக்கும் என்று ஏற்பாடு செய்து வைத்தவர் இவர்தான். ‘நாளைக்கு எனக்கே புத்தி பேதலிச்சா?’ என்று மானேஜரிடம் விளக்கம் வேறு சொல்லியிருந்தார்.

எங்கெங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. பட்டு சாப்பாட்டு மேஜையில் வாராந்திர மாத்திரை டப்பாவை ரொப்பிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். ஏப்ரலில் சொன்ன பொய், புதன்கிழமை சொன்ன பொய், பென்ஷன் பொய், மூன்றையும்.

பட்டு டப்பாவில் வியாழக்கிழமைக்கான அறையில் போட்ட மாத்திரையை எடுத்து மறுபடியும் போட்டாள்.

“லாக்கர்ல எங்க?”

“உன் ஒட்டியாணத்துக்கு அடில.”

“என் உயிரை ஒட்டியாணத்துக்கு அடில வெச்சுப் பூட்டிட்டு, டாக்டர்கிட்ட இல்லேன்னு சொன்னேளா?”

“அப்படி நெனச்சுச் சொல்லல பட்டு. கைவிட்டுப் போயிடுமேன்னு...”

“எது? மெழுகா, நானா?”

“எத்தனை நாள் ஆச்சு?”

“அஞ்சு வாரம்.”

“கெளம்புங்கோ பேங்குக்கு.”

போய்ப் பார்த்தால் லாக்கர் நேரம் மூன்று மணியோடு சரி. மறுநாள் ரெண்டாவது சனிக்கிழமை. அப்புறம் ஞாயிறு. திங்கட்கிழமை புத்த பூர்ணிமா. மூன்று நாள் ஷட்டர் திறக்காது.

அந்த மூன்று நாளும் பட்டு அவரோடு பேசவில்லை. சாதம் போட்டாள், மோர் ஊற்றினாள், பேச்சு மட்டும் இல்லை. சந்தானத்துக்குப் புதுக் கவலை பிடித்தது. வெளியே நாற்பத்தோரு டிகிரி. லாக்கர் அறையில் ஏ.ஸி. உண்டா? லீவு நாளில் அணைத்துவிடுவார்களா? மெழுகு உருகி ஒட்டியாணத்தில் வழிந்திருக்குமோ? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேங்க் வாசலில் நின்று, சுவரில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். வாட்ச்மேன் என்ன என்று கேட்டதற்குச் சும்மா என்றார். அதை எதிர்க்கடையில் பூக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்த கோவிந்தராஜன் பார்த்துத் தொலைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டு வாய் திறந்தாள். “முதல்ல டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ.”

போட்டார். சொன்னார். அப்புறம் டாக்டர் சொன்னது ஒரே வரி: “இருபதாம் தேதி மருந்து இப்ப வேண்டாம், ப்ளாக்கை இன்னிக்கே லேபுக்கு அனுப்புங்க.”

இருவரும் பேங்குக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்கள், பதினொரு மணிக்குள் பட்டுவின் வைத்தியத்துக்கு நகை விற்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். பேசாமல் முன்னும் பின்னுமாக வெளியே வந்ததைப் பார்த்தவர்கள், அது பாகப்பிரிவினை என்றார்கள். கோவிந்தராஜன் இரண்டையும் ஆதரித்தார்.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். ஒட்டியாணத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெழுகு அப்படியே இருந்தது. கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. பென்சிலில் எழுதின நம்பர் அழியவில்லை. ஆனால் ஒரு மூலையில் மயிரிழை மாதிரி விரிசல். சந்தானம் அதைப் பார்த்ததும் லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டார். பட்டு ப்ளாக்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெழுகின் நடுவில், பருப்பை விடச் சின்னதாக, பழுப்பாக ஒரு துணுக்கு.

“இதுவா நான்?” என்றாள். யாரிடமும் கேட்கவில்லை.

வெயிலுக்கு என்று சந்தானம் ப்ளாக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை ஹாட்கேஸில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து லேபுக்குக் கொண்டுபோனார். திறந்து பார்த்த ருக்‌ஷானா, “அங்கிள், குல்ஃபியா கொண்டு வந்திருக்கீங்க? மெழுகு உருக அம்பது டிகிரிக்கு மேல வேணும்” என்றாள். விரிசலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “ஓரத்துலதான் இருக்கு. உள்ள போயிருந்தா சீவும்போது பொடிஞ்சிடும். பாக்கறேன்.”

“நான் இங்கயே இருக்கட்டுமா?”

“நீங்க வீட்டுக்குப் போங்க அங்கிள். உங்களைப் பாத்தா எனக்குக் கை நடுங்குது.”

மாலையில் பட்டுவின் ஃபோனுக்குத்தான் செய்தி வந்தது. மேலே கொஞ்சம் வீணாயிற்று; அப்புறம் நாலு நல்ல சீவல் கிடைத்தது; மிச்சம் ஒன்றுமில்லை. டெஸ்டு எடுக்குமா எடுக்காதா என்பது இனி அந்த நாலின் கையில்.

அடுத்த எட்டு நாள் சந்தானம் மூன்று கிலோ இளைத்தார். ஃபோன் அடித்தால் எழுந்து நிற்பார். அது பட்டுவின் ஃபோன், பட்டுதான் எடுப்பாள். சுகம் விசாரிக்க வந்த கோவிந்தராஜனுக்கு நடந்ததையெல்லாம் அவரே சொல்லிவிட்டார். ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. காலனி வரலாற்றில் கோவிந்தராஜன் பேச்சில்லாமல் காபி குடித்து முடித்தது அன்று ஒருநாள்தான்.

புதன்கிழமை டாக்டர் வரச் சொன்னார். வெயிட்டிங் ஹாலில் பெயர் கூப்பிட்டதும் சந்தானமும் எழுந்தார்.

“நீங்க உக்காருங்கோ” என்றாள் பட்டு.

“நானும் வரேனே.”

“டாக்டர் ஏதாவது கேப்பா. நீங்க பதில் சொல்லுவேள். வேண்டாம்.”

ஃபைலை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது. பக்கத்து நாற்காலி ஆள் ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தானம் கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த நிழல்களையே பார்த்தார். ஒரு நிழல் எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. இருபது நிமிஷம்.

பட்டு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன... என்னடி சொன்னா?”

“அந்த ஹெர்-டூ இருக்காம். நிறையவே இருக்காம். திங்கக்கிழமை முதல் ஊசி.”

சந்தானத்தின் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் ஃபைலை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“இந்த ஏழு வாரத்துல வியாதி எவ்வளவு வளர்ந்திருக்குன்னு நாளைக்கு ஸ்கேன். அதுக்கும் நானே போய்க்கறேன்” என்று சொல்லிவிட்டு, ரிக்‌ஷா ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவர் நாலடி பின்னால் போனார்.