ரெண்டு துண்டு பீட்சா

கடைகளில் உள்ள எடை மெஷின்கள் ஒழுங்காக எடை காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவது அவன் உத்தியோகம். அதனால் வீட்டில் அவன் பெயர் தராசு. அக்கா வீட்டில்தான் ஜாகை. அக்கா புருஷன், அதாவது மாமா, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சனிக்கிழமை சாயங்காலமானால் மாமா கையில் பெரிய பீட்சாவோடு வந்து நிற்பார். எட்டுத் துண்டு. அக்காவுக்கு ஒன்று, தராசுக்கு இரண்டு, மிச்சத்தைக் கணக்குக் கேட்க ஆளில்லை. அந்த வாரம் எந்த மாணவர் எந்தச் சுவரில் காரை மோதினார் என்று மாமா நடித்துக் காட்ட, மூவரும் புரையேறச் சிரிப்பார்கள்.

அப்புறம் மாமாவுக்குச் சர்க்கரை வந்தது. அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா தராசிடம் சொன்னார்:

"அடியோட நிறுத்திடாதீங்க தம்பி. முதல்ல ஒரு தட்டு காய்கறி, அப்புறம் ரெண்டு துண்டு பீட்சா. வாரத்துக்கு ஒரு தடவை. ஒரேயடியா நிறுத்தினா ஒளிஞ்சு சாப்பிடுவாங்க."

தராசு யோசித்தான். இரண்டு என்றால் மாமா நான்கு கேட்பார். பூஜ்யத்தோடு பேரம் பேச யாராலும் முடியாது. வீட்டுக்கு வந்ததும், "பீட்சா, பர்கர், ஐஸ்கிரீம் எதையும் வாயில வைக்கவே கூடாதுன்னுட்டாங்க," என்றான்.

"ஒரு துண்டுகூடவா மாப்ள?"

"வாசனைகூட வேணாம் மாமா."

அடுத்த சனிக்கிழமை தராசே சமையலறையில் இறங்கினான். ஓட்ஸ் மாவு, துருவிய காலிஃபிளவர், எடை போட்டுப் பதினைந்து கிராம் சீஸ். வந்தது பீட்சா மாதிரியே இருந்தது, தெருவிலிருந்து பார்த்தால். மாமா மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. எப்ப முழுங்கணும்னுதான் தெரியல."

"பேசாம சாப்பிடுங்க. உங்க நல்லதுக்குத்தானே பாடுபடறான்," என்றாள் அக்கா.

மென்று முடிக்கவே நேரம் சரியாக இருந்ததால், சுவரில் மோதிய கதைகள் நின்றுபோயின.

மூன்றாவது மாதம், ஒரு பர்கர் கடையில் மெஷினைச் சோதித்துவிட்டு தராசு வெளியே வந்தான். இரண்டு வேன்களுக்கு நடுவே டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று ஒரே திருப்பில் பின்பக்கமாக வந்து பிசிறில்லாமல் நின்றது. ஓட்டியது நடுத்தர வயது அம்மா ஒருவர். பக்கத்தில் மாமா. கடைப் பையன் பழகிய முகத்தோடு ஓடிவந்து ஜன்னல் வழியே ஒரு பையை நீட்டினான்.

"பிரமாதமா நிறுத்தறீங்களே," என்றான் தராசு.

"மாஸ்டர் தினமும் இங்கதான் பார்க்கிங் பழக்கறாரு. வேற எங்கயும் எனக்கு நிறுத்தத் தெரியாது."

மாமா அவனைப் பார்த்தார். "மாப்ள... இது இவங்களோடது."

"மூணுமா மாஸ்டர்?" என்றார் அந்த அம்மா.

மாமா பையை இருக்கைக்கு அடியில் தள்ளினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பிட் அடித்து மாட்டியவர் மாதிரி தரையைப் பார்த்தார். அப்போதாவது தராசு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவனோ, "அக்காகிட்ட சொல்லட்டுமா?" என்றான். அந்தக் கேள்வியை நினைத்தால் அவனுக்கு இன்றும் காது சூடாகிறது.

மறுவாரம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இவ்வளவு ஏறியிருக்கு! வாரத்துக்கு ரெண்டு துண்டுதானே சொன்னேன்? தம்பி சொல்லலையா?"

மாமா மெதுவாகத் திரும்பித் தராசைப் பார்த்தார். தராசு சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரிவரை படித்தான்.

"சொன்னான் டாக்டர். நான்தான் கேக்கல."

"இனிமே ஊசிதான். அந்த ரெண்டும் இப்ப வேணாம். வாயில வைக்கவே கூடாது."

மூன்று மாதத்துக்கு முன் தராசு சொன்ன பொய், வார்த்தை மாறாமல் மருந்துச் சீட்டில் ஏறியது.

காரில் ஏறியதும் தராசு ஆரம்பித்தான். "மாமா, நான்..."

"ரெண்டுன்னு சொல்லியிருந்தா நான் நாலு கேட்டிருப்பேன்," என்றார் மாமா, சாவியைத் திருகிக்கொண்டே. "நீ திட்டித் திட்டி மூணு குடுத்திருப்ப. சனிக்கிழமை நல்லா போயிருக்கும்டா."

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. மாமா பார்த்து நிதானமாக வண்டியை எடுத்தார். பயிற்சிக் கார் என்பதால் தராசின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதில் பட்டுவிடாமல் வீடு வரைக்கும் காலை மடக்கியே வைத்திருந்தான்.