கடைவாய்ப் பல்லில் கல்

கப்பலுக்குப் போகிறவர்களின் வாயைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். பிலிப்பைன்ஸில் எங்கள் இலோயிலோ ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கடலில் இருப்பார். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் அவருக்குப் பல் டாக்டரின் கையெழுத்து வேண்டும். நடுக்கடலில் பல் வலித்தால் யாரிடம் ஓடுவது? அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். சந்தேகம் தட்டிய பல்லையெல்லாம் புறப்படும் முன் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். வீட்டைப் பூட்டும் முன் அடுப்பை அணைப்பது போல அவர்களுக்கு அது. நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தவர்களை மாடிப்படியிலேயே திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இலோங்கோ மொழி பேசும் எங்கள் ஊர்க்காரர்கள் திட்டினால்கூடத் தாலாட்டு மாதிரி இருக்கும் என்று பிற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது.

மகாரியோ சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர். நாற்பத்து நான்கு வயது. முதலில் வயிறு வரும், பின்னாலேயே சிரிப்பு வரும். காரியம் ஆக வேண்டுமென்றால் என்னை "அக்கா" என்பார், கோபம் வந்தால் "டாக்டரம்மா".

"இடது பக்கம் கீழ லேசா இழுக்குது அக்கா. ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டுக் கையெழுத்தப் போடுங்க. அடுத்த வாரம் மணிலாவுல ஏறணும்."

"சூடு பட்டா வலிக்குதா?"

"இல்ல."

"ஐஸ் தண்ணி?"

"அதுவும் இல்ல."

"இனிப்பு?"

"இனிப்பு தின்னா சந்தோஷமா இருக்கு."

ஒவ்வொரு பல்லாகத் தட்டினேன். எதுவும் வலிக்கவில்லை. சொத்தை இல்லை, தேய்மானம் இல்லை, ஈறும் சுத்தம். காரணம் இல்லாமல் எந்தப் பல்லும் வலிக்காது என்பது என் கட்சி. எக்ஸ்ரே எடுத்தேன்.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓட ஒரு சின்ன அறை உண்டு. எக்ஸ்ரேயில் அது கறுப்பாகத் தெரிய வேண்டும். மகாரியோவின் கடைவாய்ப் பல் அத்தனையிலும் அந்தக் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக, நொய் அரிசி சிந்தியது போலக் கிடந்தது. சுண்ணாம்பு சேர்ந்து உண்டாகும் கல். அதிசயம் ஒன்றுமில்லை. வயதானவர்களுக்கு இருக்கும், அடிபட்ட பல்லில் இருக்கும், பெரும்பாலும் ஒரு தொந்தரவும் செய்யாது. இதய ரத்தக்குழாய் கெட்டவர்களுக்கு இது அதிகம் தென்படுகிறது என்று சிலர் ஆராய்ந்து சொல்கிறார்கள், அப்படியெல்லாம் இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கல்லைப் பார்த்து இதயத்துக்குப் பலன் சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை. ஆனால் சொத்தையே இல்லாத வாயில், இந்த வயதில், நாலு மூலையிலும் கல் என்றால் நான் சும்மா விடமாட்டேன்.

"அப்பா இருக்காரா?"

"சேவல் சண்டையில போய்ட்டார். சேவல் ஜெயிச்சுது, அப்பா விழுந்துட்டார். அம்பது வயசு."

"நெஞ்சு வலி வருமா உனக்கு?"

"சத்தியமா வராது அக்கா."

"சரி. இதய டாக்டரப் பாத்து, நடக்கவிட்டு எடுக்கற டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வா. அப்புறம் கையெழுத்து."

சிரிப்பு காணாமல் போனது. "ஈசிஜி எல்லாம் எடுத்தாச்சு டாக்டரம்மா. நல்லா இருக்குன்னுட்டாங்க."

"படுக்க வச்சு எடுத்தது அது. கப்பல்ல நீ படுத்துக்கிட்டா சமைக்கற?"

"பல்லு பாக்க வந்தவனுக்கு நெஞ்சுல ஓட்டை தேடுறீங்களே! ஏதாவது எழுதித் தொலைச்சாங்கன்னா என் பொழப்பே போச்சு. வீட்டுக்குப் பாதிக் கூரைதான் போட்டிருக்கு."

"மீதிக் கூரைய யார் போடறது? அதுக்குத்தான் சொல்றேன்."

படத்தைக் காட்டி, கல்லைக் காட்டி, பொறுமையாக விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் புரிந்துவிட்டது என்று நம்பிவிட்டேன்.

சில நாள் கழித்து, பட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் கடைக்கு மேலே இருக்கும் என் கிளினிக்குக்கு மனைவி டெல்மாவோடு படியேறி வந்தார். வாசலிலேயே நின்று வாயை ஆவெனத் திறந்து காட்டினார். கீழே இடது பக்கம் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை, வலது பக்கத்திலும் இரண்டு பள்ளம்.

"கல்லு போயிருச்சு அக்கா! டெல்மாவோட சொந்தக்காரர் பிடுங்கிக் கொடுத்தார். மேல இருக்கறதையும் சொன்னீங்கன்னா எடுத்துரலாம். இப்பக் கையெழுத்துப் போடலாமில்ல?"

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. "எய்தவன் இருக்க அம்பை நோகறியே, உனக்கு மூளை இருக்கா? கல்லு என்ன பல்லுல இருந்து நடந்தா போகும் நெஞ்சுக்கு? அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். இதயத்துல என்னன்னு தெரியாம இத்தனை பல்லப் பிடுங்க எவன்டா கை நீட்டுனான்?"

"நானும் அதையேதான் சொன்னேன் டாக்டர்" என்றார் டெல்மா. "பெறந்ததுல இருந்து இந்த மனுஷன் யார் பேச்சக் கேட்டிருக்கார்?"

மகாரியோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை. இடது கை தாடையை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்ன, பிடுங்கின எடம் வலிக்குதா?"

"இல்லக்கா, அது ஆறிருச்சு. இது பழைய வலி."

வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழ ஒரு கணம் ஆனது. நாக்கு பள்ளத்தைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது.

"பழைய வலியா?" என்றார் டெல்மா. "அங்கதான் பல்லே இல்லையே."

அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். "எப்ப வந்துச்சு?"

"உங்க படியேறும்போது."

"கப்பல்ல?"

"கிடங்குல இருந்து அரிசி மூட்டையோட ஏணி ஏறுறப்ப. நின்னா போயிரும்."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நெஞ்சு வலிக்குதான்னு கேட்டீங்க. நெஞ்சு வலிக்கலையே. தாடைதானே வலிச்சுது."

நான் இன்னும் நாலு வார்த்தை கத்துவேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். நானோ பயந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகும் அந்தக் கை தாடையை விட்டு இறங்கவில்லை.

மகாரியோ தரையைப் பார்த்தபடி பேசினார். "போன தடவை எங்க கப்பல்ல ஒரு எஞ்சின்காரர். அண்ணன் மாதிரி. சாயங்காலம் அடுக்களைக்கு வந்து, தம்பி பல்லு வலிக்குது, கிராம்பு இருந்தா குடுன்னார். பல்லப் பிடுங்காம ஏறினியாண்ணேன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே குடுத்தேன். காலையில எந்திரிக்கல."

டெல்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"துறைமுகம் வர்ற வரைக்கும் எங்க குளிர் அறையிலதான் வச்சிருந்தோம். வேற எங்க வைக்கிறது? கோழி எடுக்கப் போறப்பல்லாம், மன்னிச்சுக்கண்ணேன்னு சொல்லிட்டுத்தான் எடுப்பேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவருக்கும் அது பல்லு வலி இல்லையா அக்கா?"

"தெரியாது மகாரியோ. உன்னுது பல்லு வலி இல்ல. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கே போலாம்" என்றார்.

எழுந்து நடக்கப் போனவரை அதட்டி உட்கார வைத்தேன். மென்று விழுங்க ஒரு ஆஸ்பிரின் கொடுத்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பட்சோய்க் கடை ஆட்கள் இரண்டு பேர் மேலே வந்து அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். "இத்தனை வருஷம் ஊருக்கே சமைச்சதுக்கு இன்னிக்குத்தான் பல்லக்கு கெடச்சுது" என்று படியில் இறங்கும்போதே சொன்னார். தூக்கியவர்கள் சிரித்தார்கள். டெல்மா சிரிக்கவில்லை.

பெரிய குழாய் ஒன்று அடைபட இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி என்றார் இதய டாக்டர். ஸ்டென்ட் என்ற கம்பி வலை வைத்துத் திறந்துவிட்டார். "எக்ஸ்ரேயில கல்லப் பாத்தா இதயத்தச் சொன்னீங்க?" என்று என்னைக் கேலி செய்தார். கல்லால்தான் அவரை அனுப்பப் பார்த்தேன், அவர் வந்து சேர்ந்தது படிக்கட்டால் என்று சொன்னேன். அடுத்த முறையும் கல்லைப் பார்த்தால் கேள்வி கேட்பேன் என்றும் சொன்னேன். இப்போது தாடையைப் பற்றியும் சேர்த்துக் கேட்கிறேன்.

கப்பல் அவர் இல்லாமலே புறப்பட்டது. அன்று மகாரியோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் குழந்தை மாதிரி அழுதார் என்று டெல்மா சொன்னார். மறுநாள் நான் பார்க்கப் போனபோது அவர் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. தனக்குப் பதிலாக ஏறிய சமையல்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசச் சொல்லி நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"டேய், உப்பு எங்க இருக்கு, மாவு எங்க இருக்குன்னு அப்புறம் கேளு. மொதல்ல இதக் கேளு. பல்லு வலிக்குதுன்னு எவனாவது வந்து கிராம்பு கேட்டா, ஏணி ஏறினா வலிக்குதா, நின்னா போகுதான்னு கேளு. ஆமான்னா கிராம்பு குடுக்காத. கையப் பிடிச்சுக் கேப்டன்கிட்ட இழுத்துட்டுப் போ. வரமாட்டேன்னு சிரிப்பான். சிரிச்சாலும் விடாத. கேக்குதா? விடாத!"