துளிர்த்த சோளக் காடு

ஆடியில் விதைத்த சோளம் முழங்கால் உயரம் வளர்ந்து, புரட்டாசியில் கருகிப்போனது. வெண்ணந்தூருக்கு மேற்கே இருந்த அந்தச் சிற்றூரில் எல்லார் காடும் அப்படித்தான். அங்கம்மாளின் புருஷன் செங்கோடன் மேட்டூரில் அணை கட்டும் வேலைக்குப் போய்விட்டான். உழவு மாடு இரண்டும் சினைப்பசு ஒன்றும் அவள் பாடு. கூரையில் வேய்ந்திருந்த பழைய சோளத்தட்டைக்கூட உருவி அவற்றுக்குப் போட்டாயிற்று.

"தாசில்தார் நேர்ல வந்து காட்டைப் பார்த்து எழுதிட்டுப் போனார்னா வரியைத் தள்ளிடுவாங்க, மாட்டுக்கு வைக்கோலும் கெடைக்கும்" என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். தாசில்தார் வருவதற்குப் பத்து நாள் முன்பு மழை கொட்டித் தீர்த்தது. அங்கம்மாள் வாசலில் நனைந்துகொண்டே சிரித்தாள். ஆனால் கருகிய சோளத்தின் அடிக்கட்டைகளெல்லாம் குருத்துவிடத் தொடங்கியதும் மாடுகளைத் தொழுவத்திலேயே கட்டிப்போட்டாள். தாசில்தாரின் வண்டி வரப்போரம் வந்து நின்ற அன்று காடு முழுக்கக் கிளிப்பச்சை.

தாசில்தார் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "பஞ்சம்னு எழுதச் சொல்றீர். இங்கே மாடு வயிறார மேயலாம் போலிருக்கே?"

அங்கம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"எசமான், அது மேய்ச்சல் இல்லீங்க. காஞ்சு துளுத்த சோளமுங்க. மாடு தின்னா வெசமுங்க."

"பயிர் விஷமா? இது புதுக் கதையா இருக்கேம்மா."

அவர் குரலில் கடுமை இல்லை, நம்பிக்கையும் இல்லை. பேனாவைத் திறந்துவிட்டார். இனி என்ன சொல்லி என்ன என்று அங்கம்மாள் முகத்தைத் திருப்பியபோதுதான், வண்டிக்காரர் அவிழ்த்துவிட்டிருந்த மாடுகளில் ஒன்று வரப்பைத் தாண்டித் தலையை நீட்டுவது தெரிந்தது.

"ஐயோ, புடிங்க!"

ஓடினாள். மூக்கணாங்கயிற்றை எட்டிப் பிடித்து, மாட்டின் கடைவாயில் கையை விட்டு, மென்றதும் மெல்லாததுமாய்ப் பச்சையை வழித்து வெளியே எறிந்தாள். பல் கிழித்து விரலில் ரத்தம் வந்தது.

"என்ன அண்ணா நீங்க, கயித்தைப் புடிச்சுக்கக் கூடாதுங்களா? போன வாரம் மாரியப்பண்ணன் எருமை இதுல நாலு வாய் தின்னுது. ஊடு வந்து சேரலீங்க!"

பக்கத்துக் காட்டு மாரியப்பனும் அதற்குள் வந்துவிட்டார். "ஆமாங்க எசமான். பொதைச்ச குழி அதா, அந்தப் புளிய மரத்தடியில இருக்குது. வந்து பாருங்க."

தாசில்தார் போய்ப் பார்த்தார். ஈரம் காயாத மண்மேடு. திரும்பி வந்து தன் மாட்டின் பக்கத்திலேயே நின்றார். மாடு மூச்சு வாங்குகிறதா, நுரை தள்ளுகிறதா என்று எல்லாரும் அதன் வாயையே பார்த்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அது நிதானமாக அசைபோட ஆரம்பித்தது. வண்டிக்காரர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என் மாடு செத்திருந்தா உன் பேச்சை நான் அப்பவே நம்பியிருப்பேனே அம்மா" என்றார் தாசில்தார். "ஏன் ஓடினே?"

அங்கம்மாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மாடாச்சுங்களே அது!" என்றாள்.

அவர் வண்டிச் சட்டத்தில் தாளை வைத்து எழுதினார். மகசூல் ஒன்றுமில்லை, வரி தள்ளுபடி. துளிர்த்த பயிர் தீவனத்துக்கு ஆகாது, ஊருக்கு வைக்கோல் தர வேண்டும். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

எட்டாம் நாள் சூரமங்கலம் ஸ்டேஷனில் சர்க்கார் வைக்கோல் வந்து இறங்கியது. மாரியப்பன் வண்டியில் போய் அங்கம்மாள் தன் பங்கை ஏற்றி வந்தாள். பசு முதல் பிடியை முகர்ந்துவிட்டு மளமளவென்று தின்னத் தொடங்கியது. அதைப் பார்த்தபடி தொழுவத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள் அங்கம்மாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கும் பசித்தது.