முப்பத்தேழாம் நம்பர் ஸ்டேஷன்

பல் டாக்டருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம்தான். பழைய ரயில்வே ஸ்டேஷன் போட்டோவை நீட்டினால் போதும், எந்த ஸ்டேஷன், எத்தனையாவது பிளாட்பாரம், போட்டோ பிடித்தவன் எந்த மூலையில் நின்றான் என்பதுவரை புட்டுப் புட்டு வைத்துவிடுவார். அதனால்தான் ரயில்வே அலுவலகம் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தபோது, பெயரில்லாமல் கிடந்த நாற்பது போட்டோக்களோடு கண்காட்சி அதிகாரியம்மா நேராக இவர் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்.

அதில் ஒரே ஒரு வில்லங்கம். அதே நாற்பது போட்டோக்களின் இன்னொரு பிரதியை ரிட்டயர்டான ரயில் கார்டு ஒருவரிடமும் கொடுத்திருந்தார் அந்த அம்மா.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா லேபிள் அடிச்சிடுறோம்" என்றார்.

கார்டு இருபத்தெட்டு வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று, உலகம் பின்னால் போவதைப் பார்த்தே காலம் தள்ளியவர். எந்த ஸ்டேஷனையும் அதை விட்டுக் கிளம்பும் கோணத்தில் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வந்து சேரும் கோணம் என்றால் கொஞ்சம் தடுமாறுவார்.

முப்பத்தொன்பது போட்டோக்கள் இருவருக்கும் ஒத்துப்போயின. முப்பத்தேழாவது மட்டும் முரண்டு பிடித்தது.

அதில் தகரப் பெட்டி மேல் ஒரு மீசைக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு இளைஞர்கள் விறைப்பாக நின்றார்கள். பின்னால் புகை கக்கும் என்ஜின், நாலு வளைவு வைத்த கட்டடம், ஒரு கடிகாரம். ஊர்ப் பலகையும் இருந்தது. ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தை அந்த மீசைக்காரரின் தொப்பி கச்சிதமாக மறைத்துவிட்டது.

"துறைமுக ஸ்டேஷன். சந்தேகமே வேணாம்" என்றார் டாக்டர்.

"ஆலை ஸ்டேஷன். புகை எந்தப் பக்கம் போகுது பாருங்க. அந்தக் காத்து அங்க மட்டும்தான் அடிக்கும். அதை முகத்துல வாங்குனவன் நான்" என்றார் கார்டு.

மூன்று வாரம் போனில் வாக்குவாதம் நடந்தது. டாக்டர் தன்னிடம் வந்த நோயாளிகளையும் சாட்சிக்கு இழுத்தார். வாயில் பஞ்சோடு கிடந்தவரிடம் போட்டோவைக் காட்டி, "நீங்களே சொல்லுங்க, இது துறைமுகந்தானே?" என்பார். அவர் "ஆ" என்பார். அதை ஒரு ஓட்டாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். ஆட்களின் நிழல் இடதுபுறமும் கட்டடத்தின் நிழல் வலதுபுறமும் விழுந்திருந்தது அவரை இரண்டு நாள் உறுத்தியது. கடல் தண்ணீரில் வெயில் பட்டுத் திரும்பினால் அப்படித்தான் விழும் என்று முடிவு கட்டிய பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கடைசியில் இருவரும் நேரிலேயே பார்த்துவிடக் கிளம்பினார்கள். துறைமுக ஸ்டேஷனில் டாக்டர் ஒரு பெட்டியை வைத்து, அதன் மேல் கார்டை உட்கார வைத்து, தலையில் தொப்பியும் மாட்டி, டேப் பிடித்து அளந்தார். போகிற வருகிற ஜனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. வளைவுகளை எண்ணினால் அஞ்சு.

"ஒண்ணு பின்னால கட்டியிருப்பாங்க" என்றார் டாக்டர்.

மத்தியானம் ஆலை ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே மூணு.

"ஒண்ணு இடிஞ்சிருக்கும்" என்றார் கார்டு, முகம் மாறாமல்.

மறுநாள் டாக்டர் அந்த போட்டோவைக் கதவளவு பெரிதாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை விரிக்கத் தோதான இடம் அவர் மனைவி துணி வெட்டும் மேஜைதான். அந்த அம்மாள் திரைச்சீலை தைக்கிறவர். ஒரு பள்ளிக்கூட மேடைக்குத் திரை தைத்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"என்னங்க, இதை எடுத்தா நான் என் வேலையைப் பாப்பேன்" என்று ஒரு ஓரத்தைத் தூக்கியவர், அப்படியே குனிந்து பார்த்தார். "ஏங்க, இந்த வானத்துல ஏன் தையல் இருக்கு?"

"அது தந்திக் கம்பி."

"தந்திக் கம்பியை யாராவது ஓரம் மடிச்சு அடிப்பாங்களா? ஒரு துணி அகலம் பத்தாம ரெண்டாவது துணியை ஒட்டுப் போட்டிருக்காங்க. தையலும் சுத்தமில்ல. இதோ, என்ஜின் சக்கரத்துல சுருக்கம் விழுந்திருக்கு பாருங்க."

டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார். சக்கரம் சுருங்கித்தான் இருந்தது. கடிகாரத்துக்கு மேலே, மேகத்தின் நடுவில், ஒரு ஆணி. ஸ்டேஷன் மொத்தமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் வரைந்து மாட்டிய படுதா! ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனுஷர், தன் வாய் திறந்திருப்பதைக் கவனிக்கவே இல்லை.

கார்டை வரவழைத்தார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இந்தப் புகை?"

"பெயிண்டு."

"காத்து?"

"காத்தெல்லாம் இல்ல கார்டு சார்."

கார்டு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தையல் மெஷினுக்குப் பின்னால் அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் திரைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"படம் காணாமப் போச்சுன்னு சொல்லிடலாமா டாக்டர்?" என்று கார்டு மெதுவாகக் கேட்டார்.

டாக்டருக்கும் ஆசைதான். ஆனால் நாற்பது போட்டோக்களுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தாரே. இரண்டு பேரும், தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி, அதிகாரியம்மா முன்னால் போய் நின்றார்கள். அவர் சிரிக்கவில்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டு, "லேபிள்ல என்ன போடணும்?" என்று மட்டும் கேட்டார். அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வெடித்தது.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் நெரிந்தது. "ஸ்டூடியோ படுதா. கண்டுபிடித்தவர்: திரைச்சீலை தைக்கும் அம்மையார்" என்று லேபிளில் பளிச்சென்று எழுதியிருந்தது. தையலைத் தொட்டுக் காட்டச் சொல்லி ஆளாளுக்கு அவரைக் கேட்க, அவரும் சளைக்காமல் காட்டினார். டாக்டருக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கார்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். வரைஞ்சவன் எதையாவது பாத்துத்தானே வரைஞ்சிருப்பான்?"

டாக்டர் திரும்பினார். மூன்று நாளாகச் செத்துக்கிடந்த முகத்தில் உயிர் வந்தது.

"பின்னே? துறைமுக ஸ்டேஷனைப் பாத்துதான்."

"அதெப்படி! ஆலை ஸ்டேஷன்!"