ஃபின்டனின் சவப்பெட்டியில் ஒரு பாட்டில்

சாவு வீட்டின் கதவைச் சாத்துவதில்லை. வருகிறவர் யாரானாலும் உள்ளே வரலாம், கை குலுக்கலாம். தேநீர் குடிக்காமல் கிளம்பத்தான் முடியாது. கிளேர் மாவட்டத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தச் செப்டம்பர் பிற்பகலில் கான்சிடின் வீட்டுக் கதவும் மழையைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. இல்லாவிட்டால் டிம்ப்னா கான்சிடின் அதை ஓரன் ஹேஹிரின் மூக்குக்கு நேராக அறைந்து சாத்தியிருப்பாள்.

அவள் முன்னறையில், திறந்த சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய அண்ணன் ஃபின்டன், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, விரல்களில் செபமாலை சுற்றிப் படுத்திருந்தார். ஊர் வரிசையாக வந்தது. ஒவ்வொருவரும் அவள் கையைப் பற்றி, "உன் சிரமத்துக்கு வருத்தப்படறேன், டிம்ப்னா" என்றார்கள். அந்தச் சொற்களுக்கு மேல் யாரும் ஒன்றும் சேர்ப்பதில்லை, குறைப்பதும் இல்லை. பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "எவ்வளவு நல்லா இருக்கார் பாரு" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் பக்கத்து வீட்டு அட்ரக்டா அறுத்து அடுக்கிக்கொண்டிருந்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சை நோக்கி நகர்ந்தார்கள்.

அப்போதுதான் வெளியே சிறிய பேருந்து ஒன்று வந்து நின்றது. நனைந்த மழைக்கோட்டுகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் ஓரன்.

ஓரனுக்கு முப்பது வயது. ஊர்ப் பேச்சை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிப் பிழைக்கிறவன். 'பரவாயில்லை' என்று இவர்கள் சொன்னால் கால் உடைந்திருக்கிறது என்று அர்த்தம், கொட்டுகிற மழையை 'இதமான நாள்' என்பார்கள், முன்பின் தெரியாத ஒருவனைக் காட்டி 'உங்க ஆளு' என்பார்கள் என்றெல்லாம் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவான். அவனுடைய சுற்றுலாவில் கடைசி நிறுத்தம் மதுக்கடை. அங்கே கணப்படுப்புக்குப் பக்கத்தில் ஃபின்டன் உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் ஏதாவது கேட்பார்கள், அவர் ஏதாவது சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். டிம்ப்னா அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தவளல்ல. அண்ணனுக்குப் பேச்சுத்துணை கிடைக்கிறது என்று நினைத்திருந்தாள்.

வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் அவள் கையைப் பிடித்து, ஒத்திகை பார்த்த குரலில், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்றார். சொன்னதும் திரும்பி ஓரனைப் பார்த்தார். ஓரன் கட்டைவிரலை உயர்த்தினான்.

"சாவைக்கூட இவங்க சிரமம்னுதான் சொல்லுவாங்க" என்று அவன் பின்னால் நின்றவர்களுக்குக் கிசுகிசுத்தான். "கேட்டீங்களா, எல்லாரும் அதையே சொல்றாங்க பாருங்க."

டிம்ப்னாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் இது சாவு வீடு. வந்தவர்களை விரட்டக் கூடாது. ஒவ்வொரு கையாக வாங்கினாள். ஒரு பெண் செல்பேசியைத் தூக்கியபோது அவள் முறைத்த முறைப்பில் அது தானாகப் பைக்குள் போய்விட்டது.

அடுத்து வந்தவர் உயரமான அமெரிக்கர். கையைக் குலுக்கினார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன விஸ்கி பாட்டிலை எடுத்து, மிகுந்த மரியாதையோடு, ஃபின்டனின் கை அருகே பெட்டிக்குள் வைத்தார்.

"இது என்ன?" என்றாள் டிம்ப்னா.

"அவருக்குத்தான், அம்மா. வழித்துணைக்கு. அவருக்கு இதுதான் உயிர்னு எங்க கைடு சொன்னார். இந்த மாகாணத்துலயே பெரிய குடிகாரர், உள்ள போனாத்தான் வாயே திறப்பார்னு."

அடுப்படியில் அட்ரக்டாவின் கத்தி நின்றது. "இயேசு, மரி, சூசையே" என்று யாரோ முனகினார்கள்.

டிம்ப்னா பாட்டிலை எடுத்தாள். அமெரிக்கரைப் பார்த்து, "உங்க மேல தப்பில்ல. நீங்க நல்ல மனசோடதான் கொண்டுவந்தீங்க" என்று சொல்லி அவர் கையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு ஓரன் பக்கம் திரும்பினாள்.

"இங்க வா."

"டிம்ப்னா, சும்மா ஒரு தமாஷுக்குச் சொன்னது..."

"வாடா இங்க. என் அண்ணன் கோட்டுல என்ன குத்தியிருக்கு?"

ஓரன் எட்டிப் பார்த்தான். பார்க்கவே தேவையில்லை, பிறந்ததிலிருந்து பார்க்கிறான். "திருஇருதயச் சின்னம்."

"அதைக் குத்திக்கிட்டவன் என்ன செய்யமாட்டான்?"

அவன் தன் பயணிகளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேச்சுக்கும் அர்த்தம் சொல்றவனாச்சே. இதுக்கும் சொல்லு. அவங்க பக்கம் திரும்பிச் சொல்லு."

"குடிக்க மாட்டான்" என்றான் ஓரன். "சாகிற வரைக்கும் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினவங்க குத்திக்கிறது."

"தெரிஞ்சேதான் சொன்னே."

"குடிக்காத கிழவரைப் பார்க்க யாரு டிம்ப்னா வருவாங்க?"

மூலையிலிருந்து மொஸி லில்லிஸ் தொண்டையைச் செருமினார். ஃபின்டனோடு பால் வண்டி ஓட்டிய பழைய கூட்டாளி. "அவர் குடிச்சது சிவப்பு லெமனேட் சோடாதாம்மா. இவங்க வாங்கிக் கொடுத்த பீரெல்லாம் மேசைக்கு அடியில என் பக்கம் தள்ளிடுவார். எல்லாம் இந்த வயித்துக்குள்ளதான் போச்சு. கடவுள் என்னை மன்னிக்கட்டும்."

வேறொரு நாளாக இருந்தால் வீடு சிரித்திருக்கும்.

"எங்க அப்பா குடிச்சு மேட்டு நிலத்தை அழிச்சார்" என்றாள் டிம்ப்னா. குரல் உயரவில்லை. "ஒரு கிறிஸ்துமஸ் வாரம் வாய்க்கால்ல முகம் குப்புறக் கிடந்தார். விளக்கைப் பிடிச்சுக்கிட்டு தேடிப் போனது இவன்தான். பன்னிரண்டு வயசு. அந்த வருஷம் கோயில்ல உறுதிபூசுதல் சடங்குல இந்தச் சின்னத்தைக் குத்தினான், இன்னும் கழட்டல. உனக்குச் சோறு போட்ட அவன் பேச்சை வித்தே, பரவாயில்ல. ஆனா எங்க அப்பா எடுத்த குடிகாரப் பேரை இவன் தலையில கட்டி வித்திருக்கியே, ஓரன். நாளைக்கு அப்பா பக்கத்துலதான் புதைக்கப்போறோம். அந்தப் பேரோட இவனை நான் இறக்கமாட்டேன்."

ஓரனின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சரி... வாங்க எல்லாரும். வண்டி கிளம்பணும். அடுத்து கோட்டை."

யாரும் எழவில்லை. கை குலுக்கிவிட்டு நகர்ந்த பயணிகள் அடுப்படி நாற்காலிகளிலும் சன்னல் ஓரத்திலும் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நார்வேயிலிருந்து வந்த நடுவயதுப் பெண் ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்படின்னா அவர் எப்படிப்பட்டவர்?"

"சாப்பிட்டீங்களா?" என்றாள் டிம்ப்னா.

"பரவாயில்லை."

அட்ரக்டா அவள் மடியில் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

ஓரன் வாசலில் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "அதை உள்ள போடு, நீயும் உட்காரு" என்றாள் டிம்ப்னா. "இனிமே எவனாவது ஃபின்டன் யாருன்னு உன்னைக் கேட்டா, இப்போ நான் சொல்றதைத்தான் சொல்லணும். ஒரு வார்த்தை மாறுச்சுன்னு தெரிஞ்சுது, அந்த மதுக்கடைக்கே வந்து நிப்பேன்."

அவன் உட்கார்ந்தான்.

காலையிலிருந்து நின்றவள் அப்போதுதான் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல, காலைல தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் அவன்கிட்ட யாரும் பேச முடியாது" என்று ஆரம்பித்தாள். "அப்படி ஒரு சிடுமூஞ்சி. நாய்கூட மேசைக்கு அடியில போய்ப் படுத்துக்கும்."

"உண்மைதான்" என்றார் மொஸி.