கவுண்டரை விட்டு அசையாத றோகான்

1.

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அச்சகம். கலியாண ஆராதனைத் தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்த பெண் திடீரெனக் கைபேசியில் கத்தினாள்:

“அண்ணை, உந்தக் கவுண்டரை விட்டு அசையாதேங்கோ!”

அவள்தான் நிமலினி, மணப்பெண். தகப்பன் இல்லை. சனிக்கிழமை அவளைக் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டிச்செல்ல வேண்டிய அண்ணன் றோகான் பாரிஸ் விமான நிலையத்தில் டிக்கெற் கவுண்டர் முன்னால் நின்றான். அன்று புதன். விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட, அவனுடைய விமானம் ரத்து.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: [பாரிசின் வானம் அன்று சாம்பல் நிறமாக—]

வேண்டாம். நான் பாரிசைப் பார்த்ததில்லை. நிமலினி கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அண்ணனைப் பேசவைத்ததைத்தான் பார்த்தேன்.

“திங்கட்கிழமைதான் இடமிருக்காம். இல்லாட்டிக் காசைத் திருப்பித் தருவினமாம்.”

“காசை வாங்கிப்போடாதேங்கோ! வாங்கினா அவையின்ரை பொறுப்பு முடிஞ்சுது.” அச்சகக் கணினியில் ஐரோப்பிய விமானப் பயணிகள் சட்டத்தைத் திறந்துவிட்டாள். “தங்களிட்டை இடமில்லாட்டி வேறை கொம்பனியின்ரை பிளேனிலை ஏத்தவேணும். அதுவரைக்கும் சாப்பாடு, அறை எல்லாம் அவைதான். ஐரோப்பாவிலை இருந்து வெளிக்கிடுற எல்லாருக்கும் உந்த உரிமை இருக்கு. கேளுங்கோ!”

3.

இங்கேதான் றோகான்மீது எனக்குச் சந்தேகம். பதினான்கு வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன். அதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் பேச்சையே தொடங்குவான். (அவனை வாதாட வைத்தால் பொய்க்கதை என்பீர்கள்.)

அவன் வாதாடவில்லை. நகரவில்லை, அவ்வளவுதான். தங்கச்சி சொல்லச் சொல்லச் சட்டத்தின் இலக்கத்தைப் பிரெஞ்சில் மூன்று தரம் சொன்னான். பின்னால் நின்றவர்களும் அதையே கேட்கத் தொடங்கினார்கள்! அச்சகத்தில் நாங்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“தங்கச்சி... தோகா வழியா. நாளைக்கு. டிக்கெற் கையிலை!”

அச்சகமே கைதட்டியது.

4.

[வெறுங்கையோடு மணப்பெண்—] என்றொரு முடிவும் எழுதி வைத்திருந்தேன். அதை வெட்டிவிட்டேன். சனி காலை தங்கையும் தமையனும் கைகோத்து நடந்ததைக் அழைப்புக் கிடைத்து, தேவாலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

பிறகு நிமலினி, பிந்தியதற்கு நட்டஈடும் கேட்டாள். ‘வேலைநிறுத்தம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் நட்டஈடும் இல்லை’ என்று எழுதியது நிறுவனம்.

றோகான் தயங்கினான். “விடு பிள்ளை. வேலைநிறுத்தம் செய்த சனமும் என்னைப்போலை வேலைசெய்யிற ஆக்கள்.”

“அவையிட்டை ஆர் கேட்டது? கொம்பனியிட்டையெல்லோ கேக்கிறன்!”

அன்றே மறுகடிதம் போட்டாள். “நாங்கள் வெண்டதெண்டு முடியுங்கோ,” என்கிறாள் என்னிடம். பதில் வராமல் எப்படி முடிப்பேன்? கீழே இடம் விடுகிறேன். நிறுவனத்தின் பதிலை நீங்களே எழுதுங்கள். எழுதுமுன் அவளுடைய கடிதத்தை வாசியுங்கள். ஒரே வரிதான்:

“வேலையை நிறுத்தியவர்கள் உங்கள் சொந்த ஊழியர்கள்தானே?”

....................