பூண்டுப் பக்கம் சாய்ந்த வீடு

சாந்தா இரியா என்ற கப்பல் ரெஸ்தெலோ என்ற ஆற்றுத்துறையிலிருந்து பாய் விரித்துப் போய், ஆற்று முகத்தைத் தாண்டிக் கடலில் இறங்கிய அதே நேரத்தில், அந்தக் கப்பலில் போன லோப்போவின் வீடு ஆட ஆரம்பித்தது. மார்ச் மாதம். மத்தி மீன் மலிவு, ஆலிவ் எண்ணெய் மட்டும் கொஞ்சம் விலை ஏறியிருந்தது. முதலில் மேசைமேல் இருந்த மண்சட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது, பிறகு நின்று யோசித்து, வந்த வழியே திரும்பியது. லோப்போவின் மனைவி அல்தோன்சா, புருஷனை வழியனுப்பி அழுத களைப்பில் தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த முக்காலியும் நகர்ந்தது. பக்கத்து வீட்டில் மீன் விற்கும் பிரித்திஸ் உப்புக் கேட்க வந்தவள் வாசற்படியிலேயே நின்று, "என்னடி இது, உன் வீடு குடிச்சிருக்கா?" என்று கேட்டாள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சுவரில் விரிசல் இல்லை, அஸ்திவாரம் கல்லாட்டம் இருக்கிறது, வீடு ஆடுவது மட்டும் உண்மை என்று சொல்லிவிட்டு, கொடுத்த ஒயினை ஆட்டத்தில் சிந்தாமல் குடித்துவிட்டுப் போனார். கப்பல் ஆடுகிறபடி வீடு ஆடுகிறது என்பது ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. சட்டிகளை எங்கே மாட்டினால் உடையாது என்றுதான் பேசினார்கள்.

லோப்போ கடல்காரன் இல்லை. உள்நாட்டில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தவன், அல்தோன்சாவைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தவன். அந்த வருஷம் இந்தியாவுக்குப் போக ஆள் போதாமல், ஏர் பிடித்தவனையும் ஆடு மேய்த்தவனையும் கப்பலில் ஏற்றினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. சுக்கானை இந்தப் பக்கம் தள்ளு என்றால் அந்தப் பக்கம் தள்ளினார்கள். தலைமை மாலுமி பொறுத்துப் பார்த்துவிட்டு, கப்பலின் இடப்பக்கம் ஒரு பூண்டுச் சரத்தையும் வலப்பக்கம் ஒரு வெங்காயச் சரத்தையும் தொங்கவிட்டார். "பூண்டுக்குத் தள்ளுங்கடா! வெங்காயத்துக்குத் தள்ளுங்கடா!" என்று கத்தினால் எல்லாருக்கும் புரிந்தது. வெட்கப்பட வேண்டிய இந்த விஷயத்தை லோப்போ புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னான். "இன்னொண்ணும் சொன்னாருடி. நடுக்கடல் காத்து எப்பவும் ஒரே பக்கமிருந்துதான் அடிக்குமாம். அதனால போறப்போ கப்பல் வெங்காயப் பக்கம் சாயுமாம், வர்றப்போ பூண்டுப் பக்கம் சாயுமாம். பூண்டுப் பக்கம் சாஞ்சா வீட்டுக்கு வர்றேன்னு அர்த்தம்." அல்தோன்சா அதை மறக்கவில்லை. வீடு ஆடத் தொடங்கிய மறுநாளே, வாசலுக்கு நேரெதிரே இருந்த அடுப்பைப் பார்த்தபடி நின்று, இடது கைச் சுவரில் ஓர் ஆணி அடித்துப் பூண்டையும், வலது கைச் சுவரில் ஓர் ஆணி அடித்து வெங்காயத்தையும் தொங்கவிட்டாள். வீட்டுக்குள் ஒருத்தி வேறு எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள்?

ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் வீடு ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. பூண்டுப் பக்கம். அல்தோன்சாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயந்துபோய்த் திரும்பி வருகிறான், வரட்டும், இந்தியா எங்கே ஓடிப்போகிறது என்று கோழி அடித்துச் சமைத்து, கூடையில் வைத்துக்கொண்டு ரெஸ்தெலோ கரையில் நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். தெருவே கேலி செய்தது. "மிளகு கொண்டுவர்றேன்னு போனவன் பாதி வழியில அம்மான்னு அழுதுட்டானாக்கும்" என்றாள் பிரித்திஸ். நாலாம் நாள் அந்தக் கோழியை இருவருமாகச் சாப்பிட்டார்கள். கப்பல் வரவில்லை. எதிர்க்காற்றில் கொஞ்ச நாள் தடுமாறியிருக்கும் என்று யாரோ சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலையில் வீட்டுக்குள் புயல் அடித்தது. வெளியே நல்ல வெயில், துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் பாய்ந்தது, தரைக் கற்களுக்கு நடுவிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறி முழங்கால் வரை ஏறியது. அல்தோன்சா பானையை எடுத்து வாசல் வழியே இறைக்க ஆரம்பித்தாள். பிரித்திஸ் மீன் தொட்டியோடு ஓடிவந்தாள், கொத்தனார் சாந்துச் சட்டியோடு வந்தார். மூன்று நாள் முறை வைத்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீரில் அந்தக் கரையில் யாரும் பார்த்திராத ஒரு நீலமீன் வந்தது. பிரித்திஸ் அதை வறுத்துப் பார்த்து, முள் ஜாஸ்தி என்றாள். மூன்றாம் நாள் மாலை தண்ணீர் வடிந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வீடு எதன்மேலோ மோதியதைப் போலத் தடால் என்று ஒரு குலுக்குக் குலுக்கி, அசையாமல் நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் ஒரு குத்து வெள்ளை மணல் கிடந்தது. அல்தோன்சா அதைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு ஜாடியில் போட்டு மூடிவைத்தாள்.

மறுவருஷம் கோடையில் மற்றக் கப்பல்கள் திரும்பி வந்தன. மிளகு வாசனை ஊரையே தும்ம வைத்தது. சாந்தா இரியா மட்டும் வரவில்லை. தென்முனைப் புயலில் பிரிந்துபோனது, பிறகு யாரும் பார்க்கவில்லை என்றார்கள். ஆலயத்தில் மணி அடித்து, போனவர்களின் பெயரை வாசித்தார்கள். லோப்போவின் பெயர் வந்தபோது அல்தோன்சா எழுந்து, "அந்தப் பேரை எடுத்துடுங்க சாமி, அவர் சாகலை" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணி வாங்காமலே வீட்டுக்குப் போனாள். 

அவள் இருந்த வீடு மேட்டு மடத்துக் கன்னியர்களுக்குச் சொந்தம். லோப்போவின் ஆயுள் உள்ளவரை, அவன் அந்தக் கூரையைத் தன் வீடாக வைத்திருக்கும்வரை குடியிருக்கலாம் என்று ஒப்பந்தம். அவன் செத்தாலோ, ஊரை விட்டே போய்விட்டாலோ வீடு மடத்துக்குத் திரும்பும். அந்த ஊரில் பல வீடுகள் அப்படித்தான். மடத்துக் காரியஸ்தர் ஜுசார்த்தே கெட்டவர் அல்ல, ஆனால் எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும் என்பவர். வந்து வீட்டின் நடுவில் நின்றார். தரை ஆடவில்லை.

"பாத்தியாம்மா, அசையலை. கப்பல் மூழ்கிடுச்சு."

"மூழ்கியிருந்தா வீட்டுல தண்ணி கூரை வரைக்கும் ஏறியிருக்கும் ஐயா. வந்த தண்ணி வடிஞ்சுடுச்சு. அப்புறம் மணல்தான் வந்துச்சு." ஜாடியைத் திறந்து காட்டினாள். "கரையேறிட்டார். கரையில இருக்கிறவருக்கு ஆட்டம் எதுக்கு?"

ஜுசார்த்தே மணலை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்று ஒப்புக்கொண்டார். மடத்துத் தாயாரிடம் போய்ச் சொன்னார். ஒரு வருஷம் பார்ப்போம் என்றார் தாயார். அந்த வருஷம் போனது. இன்னொரு வருஷம் என்றார். அல்தோன்சா வீட்டை மெழுகி, வாடின பூண்டையும் முளைவிட்ட வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டாள். ஆடாத வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலைத் தானே காலால் உந்தி ஆட்டிக்கொண்டு தூங்கிய நாள்களும் உண்டு, பாவம்.

அதற்கடுத்த ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம், சட்டி நகர்ந்தது. அல்தோன்சா கையிலிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டுக் கதவு நிலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தெருவே கூடிவந்து ஒவ்வொருவராக உள்ளே நின்று ஆடிப் பார்த்துவிட்டுப் போனது. "இருக்கான்டி! உன் ஆளு இருக்கான்!" என்று பிரித்திஸ் அவளைத் தூக்கிச் சுற்றினாள். ஆடுகிற வீட்டில் தூக்கிச் சுற்றினால் என்ன ஆகும், இருவரும் விழுந்தார்கள்.

அந்தச் சந்தோஷம் மே மாதம் வரைதான் நீடித்தது. மேயில் வீடு மறுபடியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. இந்தத் தடவை வெங்காயப் பக்கம். நாள் ஒன்று, இரண்டு, பத்து ஆயிற்று. வெங்காயத்தை விட்டு நகரவில்லை.  அவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் போய்க்கொண்டிருக்கிறான் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. செத்துப்போனான் என்பதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். மூன்று வருஷம் காத்திருந்தவளை விட்டுவிட்டு இன்னும் தூரமாகப் போகிறான் என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஜுசார்த்தே வந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தரையின் நடுவில் வைத்தார். அது நேரே வெங்காயச் சுவருக்கு உருண்டது. மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது.

"உன் புருஷன் சொன்ன பேச்சுப்படியே பாரும்மா. போறான். ஊரை விட்டே போறவனுக்கு வீடு எதுக்கு? நான் எழுதலை, ஒப்பந்தத்துல எழுதியிருக்கு."

அல்தோன்சா வாதாடவில்லை. ஜூன் மாதம் வரும் செயின்ட் ஜான் திருநாளன்று சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அப்படிச் சொன்ன அவள் குரலைக் கேட்டு ஜுசார்த்தே ஆரஞ்சைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

திருநாள் காலையில் தெருவெல்லாம் மத்தி சுடும் புகை. ஜன்னல்களில் துளசிமாதிரி மணக்கும் செடித்தொட்டிகள் வைத்திருந்தார்கள். அல்தோன்சா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். மணல் ஜாடியை அதன்மேல் வைத்தாள். காரியஸ்தர் சாவிக்காகக் கல்லில் உட்கார்ந்திருந்தார், பிரித்திஸ் முகம் கொடுக்காமலே அவரிடம் ஒரு மத்தியை நீட்டிவிட்டு மற்றதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக அல்தோன்சா அந்த இரண்டு சரங்களையும் எடுத்துவர உள்ளே போனாள். பூண்டை இடது கையில், வெங்காயத்தை வலது கையில் பிடித்தாள். அவன் சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தது அப்படித்தானே. பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். எதிரே ஆறு தெரிந்தது. படகுகள் மூக்கை நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அல்தோன்சா அப்படியே நின்றாள். இடது கையில் இருப்பது பூண்டு. ஆனால் இடது பக்கச் சுவரில் இருப்பது வெங்காயத்தின் ஆணி. ஒரு தடவை அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள், ஒரு தடவை ஆற்றைப் பார்த்துத் திரும்பினாள். அன்று கோழி அடித்துக் காத்திருந்தபோது அவன் போய்க்கொண்டிருந்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"அடிப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். "ஐயா! வீட்டுக்கு மூக்கு எது?"

ஜுசார்த்தே வாயிலிருந்த மத்தியை விழுங்கிவிட்டு, "வாசல்தான். வேற எது?" என்றார்.

"நான் அடுப்புன்னு நினைச்சுட்டேனே ஐயா! மூணு வருஷமா தப்பா மாட்டியிருக்கேன். இது வெங்காயப் பக்கம் இல்லை, பூண்டுப் பக்கம். வர்றார்! அவர் வர்றார்!"

காரியஸ்தர் உள்ளே போனார். வாசலைப் பார்த்து நின்று இடது கையைத் தூக்கினார், வலது கையைத் தூக்கினார், சிலுவை போடும் கை எது என்று ஒரு தடவை போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். சுவரோரம் கிடந்த ஆரஞ்சை எடுத்து நடுவில் வைத்தார். அது இடது கைப் பக்கம் உருண்டது. வெளியே வந்து, "ஆமா, வர்றான்" என்றார். பெட்டியை அவரே ஒரு பக்கம் பிடித்து உள்ளே வைத்தார். அல்தோன்சா அவசரத்தில் சரங்களைப் பழைய ஆணிகளிலேயே மாட்டினாள். பிரித்திஸ் அவருக்கு இன்னும் இரண்டு மத்தி கொடுத்தாள்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், வீடு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. சட்டிகள் அமைதியாயின. அல்தோன்சா செருப்புப் போட மறந்து ரெஸ்தெலோவுக்கு ஓடினாள். லோப்போ கறுத்து, இளைத்து, பல் இரண்டு போய், கையில் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றான். ஆப்பிரிக்கக் கரையில் கப்பல் மணலில் ஏறிவிட்டது, இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே சோளம் அறுத்துக்கொண்டிருந்தான், திரும்பும் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்தது. இந்தியாவைத் தேடிப் போன லோப்போ இந்தியாவைப் பார்க்கவில்லை. மிளகைக் கையால்கூடத் தொடவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் இரண்டு சுவரையும் பார்த்தான். "ஏண்டி, மாத்தி மாட்டியிருக்கே?"

"தெரியும், வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றாள் அல்தோன்சா. கண்ணீர் சாப்பாட்டில் விழுந்தது.

சாப்பிட்டுக்கொண்டே புயலைப் பற்றிச் சொன்னான். "மூணு நாள் தண்ணி ஏறிச்சு. கயித்தைப் பிடிச்சுப் பிடிச்சுக் கையெல்லாம் செத்துப்போச்சு, எங்களால இறைக்கவே முடியலை. அது பாட்டுக்கு வடிஞ்சுது. மாதா அருள்."

"மாதாவா?" வாசலில் நின்ற பிரித்திஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இங்க வா, என் முதுகைத் தொட்டுப் பாரு. அந்த மாதாவுக்கு இன்னும் வலிக்குது."

அதற்கப்புறம் லோப்போ கடலுக்குப் போகவில்லை. அக்கரைக்கு ஆளையும் கோதுமை மூட்டையையும் ஏற்றிப்போகும் பாய்ப்படகு ஒன்றில் சேர்ந்தான். காலையில் போய் மாலையில் வருவான். வீடும் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் ஆடியது. ஆணிகளை மாற்றி அடிக்கச் சுத்தியலை எடுத்தவனை அல்தோன்சா தடுத்துவிட்டாள். ஆற்றின்மேல் அடிப்பது கடல்பக்கத்துக் காற்று. அதில் அவன் படகு அக்கரையிலிருந்து திரும்பும்போது வலப்பக்கம் சாய்ந்தது, அவள் தப்பாக அடித்த ஆணியில் அந்தப் பக்கம் தொங்கியது பூண்டுதான். ஜுசார்த்தே ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதி வந்தார்: லோப்போவின் ஆயுள் என்றிருந்த இடத்தில், வீடு ஆடும் காலம் வரை என்று எழுதி மடத்து முத்திரை வைத்திருந்தார். அந்த முத்திரையோடு அவர்கள் முப்பத்தொரு வருஷம் அங்கே இருந்தார்கள். தினமும் மாலையில் வீடு பூண்டுப் பக்கம் சாயும்போது அல்தோன்சா எழுந்து அடுப்பை மூட்டி முட்டைக்கோஸ் சாற்றை ஏற்றுவாள். அது கொதித்து இறங்கவும் அவன் வாசலில் கால் வைக்கவும் சரியாக இருக்கும்.